கூட்டம் கலைந்த கடற்கரைகள் – 9: பதினான்கு நடைமேடைகள்

சென்ற வாரம் பிளாக்பூல் கோபுரத்தின் உச்சியில் நின்றோம். 1889-ல் பாரிஸுக்குப் போய், ஐஃபெல் கோபுரத்தைப் பார்த்து மயங்கித் திரும்பிய ஜான் பிக்கர்ஸ்டாஃப் தன் ஊருக்கும் அப்படியொன்று வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பங்குகள் விலைபோகவில்லை, கம்பெனி தள்ளாடியது. 500 பவுண்டாக இருந்த தன் முதலீட்டை 20,000 பவுண்டாக ஏற்றி அவரே அதைத் தாங்கிப் பிடித்தார். 1894 மே 14 அன்று கோபுரம் திறந்தது. உயரம் 158 மீட்டர். வரைபடம் போட்ட மேக்ஸ்வெல், டியூக் இருவருமே அந்த நாளைப் பார்க்க உயிரோடு இல்லை.

கோபுரம் எழுந்தது. கூட்டம் வந்தது. பணம் கொட்டியது.

எங்கிருந்து வந்த கூட்டம்? யார் பணம்? அது எப்போது நின்றது? இந்த வாரம் இதைத்தான் பார்க்கப்போகிறோம். இதற்கு விடை கடற்கரையில் இல்லை. கோபுரத்தின் பின்பக்கம் இருக்கிறது.

* * *

இன்று பிளாக்பூலுக்கு ரயிலில் போகிறவர் வடக்கு நிலையத்தில் இறங்குகிறார். பக்கத்திலேயே டிராம் நிற்கும். அங்குவரை தண்டவாளம் நீண்டு வந்தது 2024-ல்தான். டிராமை விட்டுவிட்டு நடந்தாலும் கடல் தூரமில்லை.

ஆனால் சுற்றியுள்ள தெருக்களில் கொஞ்சம் திரிந்தால் ஊரின் நிலைமை தெரிந்துவிடும். பலகை அடித்து மூடிய கடைகள். 'அறை காலி' என்று ஜன்னலில் தொங்கும் அட்டைகள். பெயின்ட் உரிந்த மூன்று மாடி வீடுகள். ஒரே கதவின் பக்கத்தில் வரிசையாக அழைப்பு மணிகள்.

கடற்கரைச் சாலைக்கு வந்ததும் காட்சி மாறுகிறது. கடலுக்குள் நீளும் மூன்று பாலங்கள், குதிரை வண்டிகள், மணலில் பிள்ளைகளைச் சுமந்து நடக்கும் கழுதைகள், எந்த இடத்தில் கடித்தாலும் உள்ளே ஊர்ப் பெயர் தெரியும் இனிப்புக் குச்சிகள், காசு போட்டு ஆடும் எந்திரங்களின் இரைச்சல். மங்கிய ஊர் என்றதும் ஆளில்லாத ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் இன்றும் வருகிறார்கள்.

வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் தங்குவதில்லை. வித்தியாசம் அங்கேதான்.

2019-ல் இங்கிலாந்தின் மிகப் பின்தங்கிய குடியிருப்புப் பகுதிகளை அரசு வரிசைப்படுத்தியது. முதல் பத்தில் எட்டு இந்த ஒரே ஊரில் இருந்தன. சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஊருக்கு இந்தப் பட்டியலில் என்ன வேலை?

கோபுரத்துக்குத் தெற்கே சில அடிகள் நடந்தால் 'கோரல் ஐலண்ட்' என்ற பெரிய விளையாட்டு அரங்கம். அதற்குப் பின்னால் பரந்த நிலம். பல பத்தாண்டுகளாகக் கார்கள் நிறுத்துவதற்கே அதில் பெரும்பகுதி பயன்பட்டது. உலகப் புகழ்பெற்ற கடற்கரையை ஒட்டிய நிலம், ஊரின் நட்ட நடு. அதைக் கார்களுக்கு விட்டுவைத்திருந்தார்கள்.

அந்த நிலத்தில்தான் பிளாக்பூல் சென்ட்ரல் ரயில் நிலையம் இருந்தது.

1863-ல் வேறொரு பெயரில் சின்ன நிலையமாகத் தொடங்கியது. 1900 வாக்கில் அதற்கு 14 நடைமேடைகள். அப்போது ஊரில் வசித்தவர்கள் ஏறத்தாழ 47,000 பேர்தான். சென்ட்ரல் போதாதென்று வடக்கே இன்னொரு பெரிய நிலையமும் இருந்தது.

ரயிலை விட்டு இறங்கி நிலைய வாசலைத் தாண்டினால் தலைக்கு மேலே கோபுரம், கண்ணெதிரே கடல். பஞ்சாலைப் பிரதேசமான லங்காஷயரின் ஆலைத் தொழிலாளிக்கு ஆண்டின் மிகப் பெரிய நிமிடம் அதுதான்.

வாரத்துக்கு ஓர் ஊர்

லங்காஷயரின் ஒவ்வொரு ஊருக்கும் பழைய காலத்திலிருந்தே ஒரு மாதாகோயில் திருவிழா உண்டு. 'வேக்ஸ்' என்பார்கள். பஞ்சாலைகள் வந்த பிறகும் அந்த நாட்களில் யாரும் வேலைக்கு வர மாட்டார்கள். முதலாளிகள் மிரட்டிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கடைசியில் கணக்குப் போட்டார்கள். ஆள் மாற்றி ஆள் லீவு போட்டு அரைகுறையாக ஆலையை ஓட்டுவதைவிட, அந்த வாரம் மொத்தமாக மூடிவிட்டால் கொதிகலனைக் கழுவலாம், எந்திரங்களைப் பழுதுபார்க்கலாம்.

அப்படிப் பிறந்ததுதான் வேக்ஸ் வாரம். ஊருக்கு ஊர் தேதி வேறு. போல்ட்டனுக்கு ஜூன் கடைசி. ஓல்டாமுக்கு ஆகஸ்ட் கடைசி. பிளாக்பர்ன், பர்ன்லி ஊர்களுக்கு இவை இரண்டுக்கும் இடைப்பட்ட வேறு வாரங்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஜூலை மாதத்தில் கிளம்பும்.

பிளாக்பூலின் அதிர்ஷ்டம் இந்தத் தேதிகளின் வரிசைதான். எல்லா ஊர்களும் ஒரே வாரத்தில் வந்திருந்தால் ஊர் மூச்சுத் திணறியிருக்கும். மீதி நாட்களில் ஈ ஓட்டியிருக்கும். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு சனிக்கிழமை ஓர் ஊர் வந்து இறங்கும்; அடுத்த சனிக்கிழமை அது கிளம்பும், அதே ரயில்களில் அடுத்த ஊர் வந்து இறங்கும். அந்த ஒரு வாரம் ஓல்டாமின் ஆலைப் புகைபோக்கிகளில் புகை இருக்காது, தெருக்களில் ஆள் இருக்காது. ஓல்டாம் மொத்தமும் கடற்கரையில் இருக்கும்.

சம்பளம் இல்லாத விடுமுறை அது. போகும் வாரத்துக்கும் பணம் வேண்டும், திரும்பி வந்தபின் அடுத்த கூலி வரும்வரை தாக்குப்பிடிக்கவும் வேண்டும். நம் ஊர் தீபாவளிச் சீட்டைப் போல ஆலையிலும் மாதாகோயிலிலும் சாராயக் கடையிலும் வாராவாரம் சில்லறை கட்டும் சங்கங்கள் நடந்தன. வேக்ஸுக்கு முந்தைய நாட்களில் சங்கம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும். அந்த வாரம் முடிவதற்குள் அதில் பெரும்பகுதி பிளாக்பூலில் கரைந்துவிடும்.

அதை வாங்கிக்கொண்டவர்களில் முக்கியமானவர் விடுதிக்காரம்மா. பிளாக்பூலின் உண்மையான ராணி அவர்தான். கோபுரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இவரைக் கேலிச்சித்திரத்தோடு விட்டுவிடுகிறார்கள். பலரும் விதவைகள், அல்லது கணவனின் சம்பளம் போதாதவர்கள். அவர்களிலும் நிறையப் பேர் ஆலை ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். அதனால் பர்ன்லிக்காரர் பர்ன்லி அம்மாவின் வீட்டைத்தான் தேடிப் போவார். அடுத்த வீட்டுக்காரரும் அங்கேயே வந்திருப்பார். கிளம்பும்போதே அடுத்த ஆண்டுக்கு அறை சொல்லி வைத்துவிடுவார்கள்.

பழைய ஏற்பாட்டில் வாடகை அறைக்கு மட்டும்தான். சாப்பாட்டுச் சாமானை விருந்தாளி வாங்கி வந்து கொடுக்க வேண்டும். அம்மா சமைத்துத் தருவார். மேசையில் வைக்கும் உப்பு, மிளகுக் குப்பிகளுக்குத் தனிக் காசு என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கப்பட்ட விஷயம். சிரித்தவர்கள்தான் மறு ஆண்டும் அதே வீட்டுக்குப் போனார்கள்.

நகராட்சியும் லேசுப்பட்டதில்லை. ஊரை விளம்பரம் செய்வதற்கென்றே வரி வசூலிக்க 1879-லேயே சட்டத்தின் அனுமதி வாங்கியது. அதே ஆண்டு கடற்கரைச் சாலையில் எட்டு மின்விளக்குகளை ஏற்றி, அதைப் பார்க்கவே பெருங்கூட்டத்தை வரவழைத்தது. 1912-ல் சுமார் 10,000 பல்புகளால் கடற்கரையை அலங்கரித்தது. முதல் உலக யுத்தத்தில் அணைந்த விளக்குகள் 1925-ல் மறுபடி எரிந்தபோது அது ஆண்டுதோறும் நடக்கும் விழாவாகிவிட்டது. வேக்ஸ் வாரங்கள் முடிந்த பின்னும் இலையுதிர் காலத்தில் அறைகள் நிரம்ப வேண்டும் என்பதுதான் அந்த விளக்குகளின் நோக்கம்.

சரி, ஆலைத் தொழிலாளி செலவழித்த காசு எங்கிருந்து வந்தது?

1913-ல் லங்காஷயர் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி சுமார் 700 கோடி கெஜம். அதில் சுமார் 300 கோடி கெஜம் ஒரே நாட்டுக்குப் போனது. இந்தியாவுக்கு. நம் தாத்தாக்கள் கட்டிய மல் வேட்டியும், சட்டைக்குத் தைத்த லாங்கிளாத்தும் கொடுத்த லாபத்தில் ஒரு துளி வேக்ஸ் வாரச் சீட்டாக மாறி, பிளாக்பூலில் ஒரு குதிரை வண்டிச் சவாரியாக முடிந்தது. மீதி லாபம் யார் வீட்டுக்குப் போயிற்று என்பது தனிக் கதை.

வெள்ளிக்கிழமை இரவு, டார்வென்

1931 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை இரவு. லண்டனிலிருந்து வந்த ரயில் டார்வென் அருகே ஒரு சிறு நிலையத்தில் நின்றது. பிளாக்பர்னுக்கு அடுத்த ஆலை ஊர் அது. வேட்டியும் கம்பளிப் போர்வையுமாக காந்தி இறங்கினார்.

இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காக அவர் லண்டன் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான்கு நாட்களுக்கு முன்புதான் பிரிட்டன் தன் பவுண்டைத் தங்கத்திலிருந்து அவிழ்த்துவிட்டிருந்தது. லங்காஷயரில் தறிகள் நின்றுகொண்டிருந்தன. முந்தைய ஆண்டு உப்புச் சத்தியாகிரகத்தோடு சேர்ந்து வந்த அந்நியத் துணி பகிஷ்காரம் இந்தத் தெருக்களில் வேலையிழப்பாக வந்து சேர்ந்திருந்தது. டார்வெனில் ஆலை நடத்திய ஒரு குடும்பம்தான் அவரை அழைத்தது. தொழிலாளர்களின் கஷ்டத்தை நேரில் பார்த்தால் மனம் மாறுவார் என்பது நம்பிக்கை.

அடி விழும் என்று சிலர் பயந்தார்கள்.

மறுநாள் எடுத்த புகைப்படம் இன்றும் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. கிரீன்ஃபீல்ட் ஆலை வாசலில் நெசவுப் பெண்கள் காந்தியைச் சூழ்ந்துகொண்டு கை தூக்கி ஆரவாரம் செய்கிறார்கள். தங்கள் பிழைப்பில் கை வைத்தவரைப் பார்த்து அவர்கள் முகத்தில் அத்தனை சிரிப்பு. காந்தி அவர்களிடம் மழுப்பவில்லை. உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது, ஆனால் வேலையில்லாத உங்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு, எங்கள் கிராமத்தில் வேலையற்றவனுக்கு அதுகூட இல்லை என்கிற பொருளில் பேசினார். பகிஷ்காரத்தைக் கைவிடுவதாக வாக்குக் கொடுக்காமலே ரயிலேறினார்.

இந்தக் காட்சியைச் சொல்லிவிட்டு, காந்திதான் லங்காஷயரை வீழ்த்தினார் என்று முடிப்பவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு அப்படி இல்லை. பகிஷ்காரம் ஒரு கை. மலிவு விலையில் நுழைந்த ஜப்பான் துணி இன்னொரு கை. இறக்குமதித் துணி மீதான இந்தியச் சுங்கவரி இன்னொன்று. எல்லாவற்றையும்விடப் பெரியது நம் ஆலைகள். பம்பாயும் அகமதாபாத்தும் ஏற்கெனவே வளர்ந்திருந்தன. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் கோவையில் ஒன்றன்பின் ஒன்றாக நூற்பாலைகள் முளைத்தன. இந்தியாவின் பல ஆலைகளில் ஓடிய எந்திரங்களை வார்த்துக் கொடுத்தது ஓல்டாமின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி. லங்காஷயர் தனக்குப் போட்டியைத் தன் பட்டறையிலேயே செய்து கப்பலேற்றியது.

1938-ல் லங்காஷயரிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணி 1913-ன் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

விழாமல் நின்ற ஊர்

அப்படியென்றால் பிளாக்பூல் 1930-களிலேயே சரிந்திருக்க வேண்டுமே?

சரியவில்லை. இங்கேதான் கதை குழம்புகிறது. அந்தப் பத்தாண்டில்தான் ஊர் உச்சத்தில் இருந்தது. ஆண்டுக்கு 70 லட்சம் பேர் வந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். 1939-ல் மட்டும் புதிய ஆப்பரா ஹவுஸ், பிளஷர் பீச் கேளிக்கைப் பூங்காவில் கட்டடக் கலைஞர் எம்பர்ட்டன் வடிவமைத்த வெள்ளைவெளேர் கட்டடம் என்று வரிசையாகத் திறப்புவிழாக்கள். போல்ட்டன் தொழிலாளர்களின் வாழ்க்கையை ஆராய வந்த 'மாஸ் அப்சர்வேஷன்' குழுவினர் அவர்கள் பின்னாலேயே பிளாக்பூலுக்கும் வந்து, யார் என்ன சாப்பிட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், இருட்டிய பின் மணலில் ஜோடிகள் என்ன செய்தார்கள் என்பதுவரை குறித்துக்கொண்டார்கள். எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதே அவர்களுடைய முடிவு.

பருத்தி படுத்த இடத்தை வேறு தொழில்கள் நிரப்பியதுதான் காரணம். பர்மிங்ஹாம் பக்கத்து மோட்டார், எந்திரத் தொழிலாளிகள் வரத் தொடங்கினார்கள். விலைவாசி இறங்கியதால், வேலையில் இருந்தவன் கையில் காசு மிஞ்சியது. 1938-ல் சம்பளத்துடன் விடுமுறைச் சட்டம் வேறு நிறைவேறியது. அதன் முழுப் பலன் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகுதான் கிடைத்தது என்றாலும், யுத்த காலத்திலும் விடுதிகள் காலியாக இல்லை. பயிற்சிக்கு வந்த சுமார் ஏழரை லட்சம் விமானப்படை வீரர்களைப் பிளாக்பூல் தங்கவைத்தது. காலை அணிவகுப்பு கடற்கரைச் சாலையில். சாப்பாடு விடுதிக்காரம்மா கையால்.

யுத்தம் ஐரோப்பாவில் முடிந்த அதே 1945 மே மாதம் லேபர் கட்சி மாநாடு இங்கே கூடியது. ஜப்பான் தோற்கும்வரை கூட்டணியைத் தொடரலாமா என்று சர்ச்சில் கேட்டிருந்தார். பிளாக்பூலில் கூடியவர்கள் முடியாது என்றார்கள். கட்சித் தலைவர் அட்லி பதிலைச் சொன்னார், சர்ச்சில் ராஜினாமா செய்தார், ஜூலைத் தேர்தலில் தோற்றார். இந்திய விடுதலை மசோதாவைக் கொண்டுவந்த அட்லி அரசுக்கு வழிவிட்ட முடிவு இந்தக் கேளிக்கை நகரத்தில் எடுக்கப்பட்டது. நம் பாடப்புத்தகங்களில் பிளாக்பூல் வராதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

யுத்தம் முடிந்த பிறகு வந்த கோடைகள் விடுதிக்காரம்மாக்களின் பொற்காலம். சம்பளத்தோடு விடுமுறை, கையில் சேமிப்பு, போவதற்கு வேறு இடம் இல்லை. சனிக்கிழமை காலைகளில் சென்ட்ரல் நிலையத்தின் 14 நடைமேடைகளும் நிரம்பி வழிந்தன. இந்த நெரிசலைப் பார்த்தவன் எவனும் ஊருக்கு அடியில் மண் கரைகிறது என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டான்.

1958

அந்த ஆண்டு இரண்டு சம்பவங்கள். இரண்டும் பிளாக்பூலுக்கு வெளியே.

முதலாவது, துணியை உலகத்துக்கு விற்று வாழ்ந்த பிரிட்டன் அந்த ஆண்டு ஏற்றுமதி செய்ததைவிட அதிகப் பருத்தித் துணியை இறக்குமதி செய்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பிறகு இதுதான் முதல் முறை. வந்த துணியில் பெரும்பகுதி ஹாங்காங், இந்தியா, பாகிஸ்தான் ஆகிய இடங்களுடையது. மறு ஆண்டு அரசு ஒரு சட்டம் போட்டது. பழைய தறிகளையும் கதிர்களையும் உடைத்துப் போடுகிற முதலாளிக்கு நஷ்ட ஈடு. சம்மட்டிகள் வேலை செய்தன. ஏறக்குறைய பாதிக் கதிர்கள் பழைய இரும்பாயின. எஞ்சிய ஆலைகள் புது எந்திரம் போட்டு இரவும் பகலும் ஓடின. அந்த இரவுப் பணிக்கு ஆள் கிடைக்காமல் பாகிஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் லங்காஷயரில் வாரத்துக்கு ஓர் ஆலை என்ற கணக்கில் மூடப்பட்டது. ஆலையே இல்லாத ஊருக்கு வேக்ஸ் வாரம் எதற்கு?

இரண்டாவது, டிசம்பர் 5 அன்று பிரதமர் மேக்மில்லன் ஒரு சாலையைத் திறந்து வைத்தார். பிரிட்டனின் முதல் மோட்டார் நெடுஞ்சாலை. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளம்தான். ஆனால் அது இருந்த இடம் பிரெஸ்டன், பிளாக்பூலுக்குப் போகிறவர்கள் கடந்தாக வேண்டிய ஊர்.

எந்த நிலையத்தை மூடுவது?

1963 மார்ச்சில் ரயில்வே தலைவர் டாக்டர் பீச்சிங்கின் அறிக்கை வந்தது. நஷ்டத்தில் ஓடும் ரயில்வேயை வெட்டிச் சுருக்க அவர் போட்ட திட்டம். அதில் ஒரு கணக்கு பிளாக்பூலைக் குறிவைத்தது போலவே இருந்தது. தொலைதூர ரயில்களில் ஓடும் பெட்டிகளில் 6,000 பெட்டிகளுக்கு ஆண்டில் 18 தடவைக்கு மேல் வேலை இல்லை. மீதி நாட்களில் அவை சும்மா நிற்கின்றன. கோடைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்காக ஆண்டு முழுக்கப் பெட்டிகளையும் நடைமேடைகளையும் சிக்னல்காரர்களையும் தீனி போட்டு வளர்க்க முடியாது என்றார் பீச்சிங்.

பிளாக்பூலுக்கு இரண்டு பெரிய நிலையங்கள் வேண்டாம், ஒன்றை மூடலாம் என்று அறிக்கை சொன்னது. மூடச் சொன்னது வடக்கு நிலையத்தை. கோபுரத்தின் காலடியில் இருந்த சென்ட்ரல் தப்பித்தது.

ஆனால் முடிவில் அதைத் தப்பிக்க விடாதது ரயில்வே இல்லை. ஊரின் நகராட்சி.

விளம்பரத்துக்கு வரி போட்டு, விளக்கேற்றி, டிராம் விட்டு இந்த ஊரை உருவாக்கிய அதே நகராட்சி. அதன் கண்ணில் சென்ட்ரல் ஒரு நிலையமாகத் தெரியவில்லை, ஒரு மனையாகத் தெரிந்தது. கடலுக்கும் கடைவீதிக்கும் நடுவே, தண்டவாளங்களும் நடைமேடைகளும் அடைத்துக்கொண்டிருந்த அருமையான நிலம். அது கைக்கு வந்தால் ஊரின் நடுப்பகுதியையே புதிதாகக் கட்டலாம். இனிமேல் வருகிறவர்கள் காரில்தானே வரப்போகிறார்கள்? வடக்கு நிலையம் இருக்கட்டும், சென்ட்ரலை மூடுங்கள், நிலத்தை எங்களுக்குக் கொடுங்கள். வாதம் எடுபட்டது.

1964 கோடை முடிந்தது. விளக்குத் திருவிழாக் கூட்டமும் திரும்பிப் போனது. நவம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு சென்ட்ரலிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. மறுநாள் முதல் 14 நடைமேடைகளுக்கும் வேலை இல்லை.

அந்த நகராட்சி உறுப்பினர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அன்று கையிலிருந்த தகவல்களின்படி அது புத்திசாலித்தனமான முடிவாகவே தெரிந்திருக்கும். அவர்கள் தவறவிட்டது ஒரே ஒரு விஷயம்தான். பெட்டியோடு ரயிலில் வருகிறவன் ஒரு வாரம் தங்குவான். காரில் வருகிறவன் இருட்டியதும் வீட்டுக்குப் போய்விடுவான். 1975-ல் எம்55 நெடுஞ்சாலை ஊர் எல்லைவரை வந்தபோது இது இன்னும் சுலபமாயிற்று. பிறகு சென்ட்ரலுக்கு ரயில் வந்த பழைய பாதையிலேயே தார் போட்டுச் சாலையாக்கினார்கள். கார்கள் அதன் வழியே வந்து, நடைமேடைகள் இருந்த இடத்தில் நின்றன.

கனவு கண்ட புதிய நகர மையம்? நிலையக் கட்டடம் கொஞ்ச காலம் பிங்கோ ஆட்டக் கூடமாக இருந்தது. 1973-ல் அதை இடித்தார்கள். நிலத்தின் ஒரு பகுதியில் போலீஸ் நிலையமும் நீதிமன்றமும் வந்தன. முகப்பில் கோரல் ஐலண்ட் வந்தது. மீதிப் பெரும்பகுதி வாகன நிறுத்துமிடம். ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஒரு பெருந்திட்டம் தீட்டியது.

* * *

பிளாக்பூல் ஏன் மங்கியது என்று இங்கிலாந்தில் யாரைக் கேட்டாலும் ஸ்பெயின் என்பார்கள். பொய்யில்லை. 1950-ல் ஹொரைசன் என்ற சிறு கம்பெனி 32 பவுண்டு பத்து ஷில்லிங்குக்கு விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கோர்சிகா தீவுக்குக் கூட்டிப்போனது. இருபது ஆண்டுகளில் அந்த யோசனை ஸ்பெயினின் கடற்கரை முழுக்க ஓட்டல்களாக எழுந்து நின்றது. மழைக்குப் பயந்து கோபுரத்துக்குள் ஒதுங்க வேண்டாத கடற்கரை, அறைக்குள்ளேயே குளியலறை, நேரம் பார்த்துக் கதவைப் பூட்டாத ஓட்டல். ஒருமுறை போய்வந்தவன் பிளாக்பூல் விடுதியில் எட்டு அறைக்கு ஒரு குளியலறை என்ற ஏற்பாட்டைச் சகித்துக்கொள்வானா?

ஆனால் ஸ்பெயின் அடித்தது கடைசி அடி. ஒரு சனிக்கிழமைக்கு ஓர் ஊர் என்ற வரிசையைத் தறிகள் நின்றபோதே பிளாக்பூல் இழக்கத் தொடங்கிவிட்டது. அந்த ஊர்களைக் கடல் ஓரம்வரை கொண்டுவந்து இறக்கிய நிலையத்தைத் தானே கேட்டு மூடியது. என் தீர்ப்பு இதுதான். மறுப்பவர்கள் உண்டு, ரயில் இருந்திருந்தாலும் ஸ்பெயின் ஜெயித்திருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் இத்தனை வேகமாகவா?

1970-களின் முடிவில் விடுதிக்காரம்மாக்களுக்கு வயதாகிவிட்டது. அடுத்த ஆண்டுக்கு அறை சொல்லிவிட்டுப் போன பர்ன்லிக் குடும்பம் வரவில்லை. மகள் தொழிலை எடுத்துக்கொள்ள மறுத்தாள். கோபுரத்தின் பின்னால் தெருத் தெருவாக, மாடி மாடியாகச் சின்னஞ்சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு கைகழுவும் தொட்டி. விற்கலாம் என்றால் விடுதியாக நடத்த வாங்குவார் இல்லை.

ஆனால் அந்த அறைகள் காலியாகவே கிடக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே மறுபடி நிரம்பத் தொடங்கின, இந்த முறை கோடையில் மட்டுமின்றி ஆண்டு முழுக்க. வாடகையும் தவறாமல் வந்தது. கொடுத்தவர் விருந்தாளி இல்லை.

வந்தவர்கள் யார்? அவர்களுடைய வாடகையைக் கட்டியது யார்?

(அடுத்த வாரம்)